அப்பாவுக்குக் கறுப்பாகப் போகிறது, சாப்பாட்டினால்தானா? மலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

துறைமுகக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேட்கக் கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனால் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வதால் இங்கே கேட்கிறேன். அப்பாவுக்கு 63 வயது. திருகோணமலை டவுனில்தான் இருக்கிறோம். நேற்று முன்தினத்திலிருந்து அவருக்கு வெளிக்குப் போவது கன்னங்கரேலென்று இருக்கிறது. அவராக வாய் திறக்கவில்லை. அவர் போய் வந்த பிறகு உள்ளே போன அம்மாதான் பார்த்திருக்கிறார். கொமட்டின் ஓரத்தில் தார் மாதிரி ஒட்டிக்கிடந்ததாம், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் போகாமல் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டி வந்ததாம், மணமும் வழக்கமான மணம் இல்லையாம்.

அப்பாவிடம் கேட்டால் கணவாய்க் கறிதான் காரணம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மையோடு சமைத்த கணவாய் சாப்பிட்டது உண்மைதான், அதற்கு அடுத்த நாள் நாவற்பழமும் நிறையச் சாப்பிட்டார். ஆனால் இன்றைக்கு வியாழன். முழங்கால் நோவுக்கு மாதக்கணக்கில் டைக்ளோபெனாக் குளிசை போடுகிறார், டொக்டர் துண்டு எதுவும் இல்லாமல் பாமசியில் வாங்குவதுதான். பிரஷர் கிளினிக்கில் இதயத்துக்கென்று ஒரு சின்ன அஸ்பிரினும் கொடுக்கிறார்கள். இன்று காலை கோணேசர் கோயிலுக்குப் போனோம், அந்த ஏற்றத்தை எப்போதும் நிற்காமல் ஏறுகிற மனிதர் இன்றைக்கு வழியில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார், முகமும் வெளிறித்தான் இருந்தது. வெயில் என்றார். வயிற்று நோ எதுவும் இல்லை.

திங்கட்கிழமை அவருக்கு எப்படியும் கிளினிக் இருக்கிறது, அதுவரை பார்த்துக்கொண்டிருக்கலாமா? அப்புறம், பொதுவாக மலத்தில் என்ன மாற்றம் வந்தால் பயப்பட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.


ஓய்வு_தாதி எழுதியது:

பிள்ளை, திங்கட்கிழமை வரை பார்க்க வேண்டாம். இப்போதே பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம், தலைசுற்றி விழுந்துவிடுவார். ஓட்டோவோ வானோ பிடியுங்கள், ஆள் சோர்ந்து போனால் 1990 க்கு அடியுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. போகும்போது வீட்டிலிருக்கிற எல்லாக் குளிசையையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். டைக்ளோபெனாக் இனி ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். அஸ்பிரினை நிறுத்துவதா இல்லையா என்பதை அங்கே டொக்டர் சொல்வார், நீங்களாக முடிவெடுக்காமல் அதை மறக்காமல் சொல்லுங்கள். வாய் வழியாகக் கமரா விட்டு இரைப்பையைப் பார்க்க வேண்டி வரலாம், ஆகவே சாப்பாடு எதுவும் கொடுக்காமல் கூட்டிப் போங்கள்.

முதலில் அவரைக் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னைப் பதற வைத்தது கறுப்பு நிறம் மட்டும் இல்லை. ஒட்டுகிறது, தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை, மணம் வேறு மாதிரி, ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டார், முகம் வெளிறியிருக்கிறது. இரைப்பையிலோ அதற்கு அடுத்த முன்சிறுகுடலிலோ புண் வந்து இரத்தம் கசிந்தால் அது சிவப்பாக வெளியே வராது. வருகிற வழியெல்லாம் அமிலத்திலும் குடலிலுள்ள பக்டீரியாவிலும் பட்டு மாறி, கீழே வரும்போது கறுத்து, பளபளவென்று பிசுபிசுத்து வரும். 50 முதல் 100 மில்லிலீற்றர் இரத்தம் உள்ளே கசிந்தாலே மலம் அப்படிக் கறுக்கும். அந்த மணத்தை ஒரு தடவை வார்ட்டில் அனுபவித்த தாதி வாழ்நாளில் மறக்கமாட்டாள், கட்டிலுக்குக் கிட்டப் போகும் முன்பே தெரிந்துவிடும்.

வயிற்று நோ இல்லை என்பதை வைத்துத் தைரியப்பட வேண்டாம். டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்ற நோக்குளிசைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப் படலத்தைக் குறைத்துவிடும், கூடவே நோவையும் மறைத்துவிடும். வயதானவர்களுக்கு எந்த நோவும் இல்லாமல் முதல் அறிகுறியே இரத்தப்போக்காக வருவதை எத்தனையோ பேரில் பார்த்திருக்கிறேன். இவருக்கு டைக்ளோபெனாக்கும் அஸ்பிரினும் சேர்ந்தே போயிருக்கின்றன, அது இன்னும் மோசம்.

கணவாய் மைக்கும் கறுப்பாகப் போகும், நாவற்பழத்துக்கும் போகும், பொய் இல்லை. ஆனால் சாப்பாட்டு நிறம் ஒன்றிரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் கழிந்து போய்விடும். அது ஒட்டாது, அந்த மணம் வராது, மனிதரை ஏற்றத்தில் உட்கார வைக்காது.


சாம்பல்தீவான் எழுதியது:

தாதி அக்கா சொல்வது சரிதான், ஆனால் எல்லாக் கறுப்பும் ஆபத்து என்று மற்றவர்கள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மனைவிக்குப் பிள்ளை வயிற்றிலிருக்கும்போது கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள், முதல் வாரத்திலிருந்தே கறுப்பாகத்தான் போனது, நாங்கள் இரண்டு பேரும் பயந்துபோய் மிட்வைவ் மிஸ்ஸிடம் ஓடினோம். குளிசை போடும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார். கொஞ்சம் மலச்சிக்கலும் இருந்தது, வேறொன்றும் இல்லை.

எனக்கு ஒரு கேள்வி. எனக்குச் சீனி வருத்தம் பிடித்து மெட்போமின் தொடங்கியதிலிருந்து நாளுக்கு நாலைந்து தடவை இளகிப் போகிறது. சாப்பிட்டு எழும்பினால் ஓட வேண்டியதுதான். இதற்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா?


ஓய்வு_தாதி எழுதியது:

தம்பி, உங்களுடையது அவசரம் இல்லை. மெட்போமின் தொடங்கும்போது நிறையப் பேருக்கு அப்படித்தான் இளகும், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும், பலருக்குச் சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் மெல்லக் கரைகிற வகைக் குளிசை இருக்கிறது, கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் நீங்களே நிறுத்திவிட வேண்டாம், நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்துச் சீனி ஏறி வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இரவில் நித்திரையிலிருந்து எழுப்பி ஓட வைக்கிறது, நிறை குறைகிறது, இரத்தம் போகிறது என்றால் அது மெட்போமின் கணக்கில் வராது, காட்ட வேண்டும்.


ஆய்வுகூடப்பக்கம் எழுதியது:

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். டொக்டர் இல்லை. ஆனால் மாதிரிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது, கேட்டவரின் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கேட்டவரின் அப்பா இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் சாதாரணமானது எது என்று தெரிய வேண்டும். தினமும் காலையில் ஒரு தடவை போகாவிட்டால் வருத்தம் என்று எங்கள் ஆட்கள் நினைப்பது பிழை. நாளுக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எதுவும் சாதாரணம்தான், முக்காமல் நோகாமல் போய், போனபின் வயிறு காலியான மாதிரி இருந்தால் சரி. வடிவத்தைச் சொல்ல பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் செய்த ஆய்விலிருந்து 1997 இல் வந்தது. ஏழு வகை. 1 என்றால் ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக, 7 என்றால் வெறும் தண்ணீர். நடுவில் 3, 4 இரண்டும் நல்லது. இதைத் தெரிந்து வைத்திருந்தால் டொக்டரிடம் கூச்சப்பட்டு விவரிக்க வேண்டியதில்லை, இலக்கத்தைச் சொன்னால் போதும். மலம் குடலில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதைத்தான் அந்த வடிவம் காட்டுகிறது. கூட நேரம் தங்கினால் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சி இறுக்கிவிடும். இங்கே கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் உடம்புத் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போக, தோட்டத்திலும் கடலிலும் வேலை செய்கிறவர்களுக்கு மலம் இறுகுவது சும்மா இல்லை.

மலத்தின் மண்ணிறம் பித்தத்தால் வருவது. ஈரல் சுரக்கும் பித்தம் குடலுக்குள் வந்து, அங்குள்ள பக்டீரியாக்கள் அதை மாற்றி மாற்றிக் கடைசியில் அந்த நிறத்துக்குக் கொண்டுவருகின்றன. ஆகவே வேகமாகப் போனால் மாறுவதற்கு நேரம் இல்லாமல் பச்சையாக வரும், வயிற்றால போகும்போது பச்சை நிறம் வருவது அதனால்தான். கீரை நிறையச் சாப்பிட்டாலும் பச்சை வரும். பச்சையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வெளிறிய நிறத்துக்கு. பித்தம் குடலுக்கு வராவிட்டால் மலம் களிமண் மாதிரி, சிலருக்கு வெள்ளையாகவே வரும். வர வேண்டிய பித்தம் இரத்தத்துக்குத் திரும்புவதால் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறும், கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் கடிக்கும். பித்தக்கல் குழாயை அடைத்திருக்கலாம், ஈரல் அழற்சியாக இருக்கலாம், சதையத்தின் (கணையத்தின்) தலைப்பக்கத்தில் கட்டி வந்து அழுத்தினாலும் இதேதான். நோ இல்லாமல் மஞ்சள் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலை என்றால் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். கிருமியால் வந்த காமாலை பெரும்பாலும் தானாகவே மாறிவிடும், மாறியதும் மருந்து கேட்டது என்று நினைத்துக்கொள்வோம். அடைப்பினால் வந்தது அப்படி மாறாது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் செய்தால் எது என்று தெரிந்துவிடும், அதைச் செய்யாமல் காத்திருப்பதில்தான் ஆபத்து.

மஞ்சளாய், எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் விளிம்பில் ஒட்டி நின்றால் கொழுப்புச் செரிக்கவில்லை என்று அர்த்தம். சதையம் சரியாகச் சுரக்காவிட்டால் வரும், நீண்டகாலம் மது குடித்தவர்களில் பார்க்கலாம். ஜியாடியா என்ற ஒட்டுண்ணி குடலில் இருந்தாலும் வரும், மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கிற இடங்களில் அது சகஜம். மார்கழி வெள்ளத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகிற வளவுகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். மலம் மிதக்கிறது என்று மட்டும் வைத்துக் கொழுப்பு என்று முடிவு கட்ட வேண்டாம், அநேகமாக அது உள்ளே இருக்கிற வாயுவினால்.

சளி கொஞ்சம் வருவது பெரிய விஷயம் இல்லை. சளியும் இரத்தமும் காய்ச்சலும் வயிற்றுளைவும் சேர்ந்து வந்தால் அது கிருமியால் வந்த பேதி, மாதிரி கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மாதிரி என்றதும் ஒரு வேண்டுகோள். ஆய்வுகூடத்தில் கொடுக்கிற சின்னப் போத்தலின் மூடியோடு ஒரு கரண்டி ஒட்டியிருக்கும், அதால் ஒரு கடலையளவு இரண்டு மூன்று இடத்திலிருந்து எடுத்தால் போதும். சளியோ இரத்தமோ உள்ள இடத்திலிருந்து எடுங்கள், சுத்தமான இடமாகப் பார்த்து எடுத்துத் தருகிறவர்கள் நிறைய, அதில் நாங்கள் தேடுவது இருக்காது. சிறுநீரும் தண்ணீரும் படக் கூடாது. கொமட்டுக்குள் விழுந்ததை எடுக்க வேண்டாம், ஒரு பழைய பேப்பரையோ பொலித்தீனையோ விரித்து அதில் போங்கள். எடுத்ததும் ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டு வாருங்கள், அமீபா நேரம் போனால் அசையாது, அசையாவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். போத்தலை மஞ்சள் பையிலும் செய்தித்தாளிலும் சுற்றிச் சுற்றி ஒளித்துக்கொண்டு வந்து, கொடுக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது வேலை. ஒருவரும் உங்களைப் பற்றி எதுவும் நினைக்கமாட்டார்கள்.


மூதூர்வாசி எழுதியது:

சிவப்பைப் பற்றி ஒருவரும் விரிவாக எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் பெரியப்பாவுக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியபோது எல்லோரும் ஒரே குரலில் மூலவருத்தம் என்றோம். கருணைக்கிழங்கு சாப்பிடக் கொடுத்தார்கள், நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் போட்டார்கள். கொஞ்சம் நிற்கும், திரும்ப வரும். பிறகு ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போக வேண்டும் போலிருக்கும், போனால் கொஞ்சம் சளியும் இரத்தமும் மட்டும் வரும், எழும்பினால் திரும்பவும் போக வேண்டும் போலிருக்கும். மலம் வந்தாலும் விரல் மொத்தத்துக்கு மெல்லிசாக வந்தது. கடைசியில் மகன் வந்து வற்புறுத்திக் கூட்டிப் போனபோது டொக்டர் விரலை விட்டுப் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார், மலக்குடலில் கட்டி. அந்த விரல் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒப்பரேஷன், கதிர் சிகிச்சை எல்லாம் நடந்தது, இப்போது வயிற்றில் மலம் சேர்கிற பையோடு இருக்கிறார், கடைக்குப் போகிறார், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டு போய் விடுகிறார். முன்பே போயிருந்தால் பை இல்லாமல் முடிந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மலத்தில் இரத்தம் வந்தால் அநேகமாக மூலமோ ஆசனவாய் வெடிப்போதான், அதை நான் மறுக்கவில்லை. வெடிப்பு என்றால் கத்தியால் கீறுகிற மாதிரி நோகும், மூலம் என்றால் நோவில்லாமல் கடைசியில் சொட்டுச் சொட்டாய்ப் பளிச்சென்ற சிவப்பில் விழும் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் இரத்தம் மலத்தோடு கலந்து வருவது, கடும்சிவப்பாய் வருவது, வழக்கம் மாறி மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே நிற்பது, காரணமில்லாமல் நிறை குறைவது, இரத்தசோகை என்று ரிப்போர்ட் வருவது, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் மூலம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு ஒன்றாகவும் இருக்கலாம். பீட்ரூட் சாப்பிட்ட அடுத்த நாள் சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஒன்றிரண்டு நாளில் போய்விடும்.

ஆண்கள் இந்த விஷயத்தில் காட்டுகிற கௌரவம் எனக்குப் பிடிக்கவில்லை. பெரியப்பா அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ எதுவும் சொல்லவில்லை, சாரத்தில் கறை இருந்ததைத் துவைக்கும்போது பார்த்துத்தான் பெரியம்மாவுக்கே தெரிந்தது.


துறைமுகக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக ஓய்வு_தாதி அன்ரிக்கு. அன்றைக்கே அப்பாவைக் கொண்டு போனோம். வாசலில் இறங்கி நிமிர்ந்தவுடன் கண் இருட்டிச் சரிந்துவிட்டார், நல்லவேளை இரண்டு பக்கமும் பிடித்திருந்தோம். ஹீமோகுளோபின் 6.9 என்றார்கள். ஆண்களுக்கு 13 க்கு மேல் இருக்க வேண்டுமாம். இரத்தம் ஏற்றினார்கள், பிறகு அந்தக் கமரா விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோபி செய்தார்கள், முன்சிறுகுடலில் புண், அதன் நடுவில் இரத்தக்குழாய் தெரிந்ததாம், அங்கேயே ஊசி போட்டுக் கிளிப் அடித்து நிறுத்தினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். இரைப்பை அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் கொடுத்திருக்கிறார்கள், டைக்ளோபெனாக் இனி வாழ்க்கையில் வேண்டாம் என்று கொப்பியிலேயே சிவப்புப் பேனையால் எழுதிவிட்டார்கள். அஸ்பிரினைக் கொஞ்ச நாள் நிறுத்தித் திரும்பத் தொடங்கச் சொன்னார்கள்.

இரண்டு விஷயம் விளங்கவில்லை. இரும்புச்சத்துக் குளிசையும் தந்திருக்கிறார்கள், அதனால் மலம் திரும்பவும் கறுப்பாகப் போகிறது, அம்மா ஒவ்வொரு தடவையும் பதறுகிறார். எதை வைத்து வித்தியாசம் தெரிந்துகொள்வது? மற்றது, பைலோரி கிருமி என்று ஒன்று இருக்கிறதா என்று பிறகு மலத்தில் பார்க்க வேண்டும் என்றார்கள். எண்டோஸ்கோபியில் எடுத்துப் பார்த்தது நெகட்டிவ் என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏன் பார்க்கிறார்கள்?


ஆய்வுகூடப்பக்கம் எழுதியது:

அப்பா வீட்டுக்கு வந்தது மிகவும் சந்தோஷம். இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். ஹெலிகோபக்டர் பைலோரி என்பது இரைப்பைச் சுவரில் வாழ்கிற பக்டீரியா. புண்ணுக்குக் காரணம் கவலையும் உறைப்பும்தான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில் அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இரண்டு பேர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். டொக்டர்கள் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது எடுக்கிற பரிசோதனையில் கிருமி இருந்தும் இல்லை என்று வர வாய்ப்பு அதிகம், அதனால்தான் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தால் மலப் பரிசோதனையும் பொய் நெகட்டிவ் காட்டும், பொதுவாக இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், அன்டிபயோட்டிக் போட்டிருந்தால் நாலு வாரம். ஆனால் அப்பாவின் புண் இன்னும் ஆறவில்லை, ஒமிப்ரசோலை எப்போது நிறுத்தலாம் என்பதை டொக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். மாதிரி கொடுக்கிற திகதியைக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.


ஓய்வு_தாதி எழுதியது:

பிள்ளை, நல்ல செய்தி. அம்மா பதறுவதும் நியாயம்தான், அவர் பார்த்ததால்தானே அப்பா இன்றைக்கு இருக்கிறார். இரும்பினால் வருகிற கறுப்பு கொஞ்சம் பச்சை கலந்த கறுப்பாக இருக்கும், உருவாக இருக்கும், சிலருக்கு இறுகியும் வரும், தண்ணீர் ஊற்றினால் போய்விடும், அந்தக் கடும் நாற்றம் இராது. இரத்தக் கறுப்பு இளகிப் பளபளத்து ஒட்டும். சந்தேகம் வந்தால் நிறத்தோடு நிற்காமல் ஆளைப் பாருங்கள். எழும்பும்போது தலை சுற்றுகிறதா, நாடி வேகமாக அடிக்கிறதா, குளிர்ந்து வியர்க்கிறதா, கோப்பித் தூள் மாதிரிச் சத்தி எடுக்கிறாரா. இதில் எது இருந்தாலும் திரும்ப ஓடுங்கள்.

முழங்காலுக்கு இனி பரசிற்றமோல் அளவாகப் போடலாம், மேலே பூசுகிற மருந்து எது சரி என்று கிளினிக்கில் கேளுங்கள். உடற்பயிற்சிப் பிரிவுக்குத் துண்டு கேட்டு வாங்குங்கள், தொடைத் தசையைப் பலப்படுத்தினால் முழங்கால் நோ குறையும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கிற நல்ல குளிசை என்று எதையும் வாங்கிப் போட விடாதீர்கள், பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே அதே மருந்துதான் இருக்கும். இரும்புக் குளிசையால் மலம் இறுகினால் முக்க விடக் கூடாது. தண்ணீர், பப்பாளிப்பழம், முருங்கையிலை, குத்தரிசிச் சோறு எல்லாம் கொடுங்கள், போதாவிட்டால் லக்டியூலோஸ் பாணி கேட்டு வாங்கலாம். கொமட்டில் இருக்கும்போது காலை ஒரு சின்னப் பலகையில் உயர்த்தி வைத்தால் இலகுவாகப் போகும், அவருடைய முழங்காலுக்கும் குந்துவதைவிட அது நல்லது.


புதுஅம்மா_நிலாவெளி எழுதியது:

இந்த இழையை முழுக்கப் படித்தேன் அன்ரி. ஆய்வுகூட அண்ணா வெள்ளை நிறம் என்று எழுதியதைப் படித்ததும் நெஞ்சு திக்கென்றது. என் மகனுக்கு ஐந்து வாரம். பிறந்த பிறகு வந்த மஞ்சள் முழுதாகப் போகவில்லை, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படி இருக்கும் என்று மாமி சொல்கிறார். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். ஆனால் மலம் முன்பு கடுகு நிறத்தில் போனது, இப்போது வெளிறி, கிட்டத்தட்ட கிறீம் நிறத்தில் போகிறது. சிறுநீர் துணியில் மஞ்சளாகப் படிகிறது.


ஓய்வு_தாதி எழுதியது:

மகளே, நாளைக்குக் காலையிலேயே பிள்ளையைக் கொண்டு போய்க் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள், கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு அழுக்கான துணியைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள், அப்படியே டொக்டருக்குக் காட்டலாம். போனில் நல்ல வெளிச்சத்தில் ஒரு படமும் எடுங்கள்.

தாய்ப்பால் மஞ்சள் என்று ஒன்று உண்மையில் இருக்கிறது, மாமி சொன்னது கற்பனை இல்லை. ஆனால் அதில் மலம் மஞ்சளாகவே போகும், சில நாள் பச்சையாகவும் போகும், சிறுநீர் நிறமில்லாமல் இருக்கும். மலம் வெளிறி, சிறுநீர் மஞ்சளாகத் துணியில் பட்டால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும். 14 நாளுக்கு மேல் மஞ்சள் நின்றாலே இரத்தத்தில் அந்த மஞ்சள் நிறத்தைத் தருகிற பிலிரூபினை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பித்தக்குழாய் உருவாகாமல் அடைபட்டுப் போகிற வருத்தம் ஒன்று குழந்தைகளுக்கு வரும், அபூர்வம்தான், ஆனால் அதற்குச் செய்கிற கசாய் ஒப்பரேஷன் 60 நாளுக்குள் நடந்தால் நல்ல பலன் கிடைக்கும், தள்ளிப் போகப் போக ஈரல் கெட்டுப்போகும். பிள்ளை கொழுகொழுவென்று பால் குடிப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, அதனால்தான் நாள் போய்விடுகிறது. தாய்வானில் 2004 இலிருந்து பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்திலும் மல நிற அட்டை ஒன்று வைத்துத் தாய்மாரையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

வேறு சின்னக் காரணமாகவும் இருக்கலாம், பரிசோதனை செய்தால்தான் தெரியும். உங்கள் பகுதி மிட்வைவ் மிஸ்ஸுக்கு இப்போதே போன் பண்ணுங்கள், அவர் ஒரு துண்டு எழுதித் தந்தால் நாளைக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், வெயிலில் காட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். டொக்டரிடம் மலம் வெளுத்திருக்கிறது என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள், மஞ்சள் என்பதைப் பிறகு சொல்லலாம். என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.